பூராட நட்சத்திரத்துக்கு நான்கு டயர்

4 மார்ச், திங்கள்

விடியும்போதே வியர்வை. பல நாளாகச் சொட்டு மழை இல்லை. இன்று வேலை விட்டதும் கொட்டித் தீர்த்தது. சுங்கை காடுட் சிக்னலில் பிரேக் மிதித்தேன், கார் நிற்காமல் வழுக்கிப் போய் ஒரு லாரிக்குப் பின்னால் முழம் தூரத்தில் நின்றது. லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்டயர் இரண்டும் மொட்டை. பின்டயர் பரவாயில்லை என்று சொல்லலாம், மனசு வந்தால்.

சேகர் அண்ணன் போர்டிக்சன் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். நான்கையும் மாற்றிவிடு, நல்லதாகவே போடு, செலவு என்னுடையது என்றான். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று மறுபடி கேட்டேன். வைப்பர் ரப்பர் வாங்கவே முகம் சுளிப்பவன். நிச்சயதார்த்தம் ஆனதும் மனிதன் திருந்திவிட்டான் போல.

(கார் அவன் பெயரில். வாங்கும்போது எனக்கு நிரந்தர வேலை இல்லை, வங்கியில் கடன் தரவில்லை. தவணை முழுக்கக் கட்டியது நான். ஓட்டுவதும் நான். அவனுக்கு மோட்டார் சைக்கிள் போதும்.)

6 மார்ச், புதன்

மறுபடி வெயில். கேன்டீனில் சாப்பிடும்போதும் டயர் படிப்புதான். இணையத்தில் எல்லாரும் ‘கோடை டயர்’ என்கிறார்கள், வேக ஓட்டத்துக்கான கோடை டயர். நமக்கு வேறு காலம் ஏது? வெயில், இல்லாவிட்டால் வெயிலோடு மழை.

கடைசியில் மிஞ்சியவை:

அ: ரப்பர் மென்மை. காய்ந்த ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகுமாம். சீக்கிரம் தேயும்.
ஆ: ஈரத்தில் நல்ல பிடி. பக்கச்சுவர் கெட்டி. கொஞ்சம் சத்தம்.
இ: பார்க்க அழகு. அதற்கு மேல் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் ஏறி, கோலா பிலாவில் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேலையில் சூப்பர்வைசர், வீட்டில் அம்மா, அண்ணன். அந்த வளைவுகளில் மட்டும் எனக்கு மேலே யாரும் இல்லை. அது போதும் எனக்கு, வாரம் முழுக்கத் தாங்கும்.

ஆனால் அங்கே போவதற்கு முன் எங்கள் எஸ்டேட் செம்மண் ரோடு இருக்கிறது, செம்பனை மட்டை முள் இருக்கிறது. ‘அ’ போட்டால் முதல் வாரமே முள் உள்ளே போய்விடும். ஆகவே ‘ஆ’ பக்கம்தான் மனசு.

மூன்றையும் அண்ணனுக்கு விளக்கினேன். தனக்கு டயர் என்றால் கறுப்பு, உருண்டை, அவ்வளவுதான் தெரியும் என்றான். “நீயே பாத்துச் சொல்லு லா.”

அம்மா டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

9 மார்ச், சனி

சிரம்பான் டயர் கடை. கடை முதலாளி தவுக்கே ‘அ’வைக் காட்டி, பையன்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். நான் பையன் இல்லை என்றேன். சிரித்தார். அடுக்கில் இருந்த ‘ஆ’வின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வருஷப் பழசு. புதிதாக வரவழைத்துத் தாருங்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை.

சாயங்காலம் தினேஷ் வந்தான். அண்ணன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் தம்பி. இப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருக்கிறான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே உட்காரட்டுமா அக்கா என்று கேட்டான். உட்காரு என்றேன். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான், மறுபடி என் அளவுக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மா அவனுக்கு வடை சுட்டாள். எனக்குத் தேறியது இரண்டு.

16 மார்ச், சனி

போட்டாயிற்று! ‘ஆ’. நான்கும் புதுசு, ரப்பர் வாசம். கடைப் பையன் ஒன்றை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டினான். சுட்டிக்காட்டினேன், முறைத்துக்கொண்டே கழற்றி மாட்டினான். அலைன்மென்ட் சரி.

திரும்பும்போது மெதுவாகத்தான் வந்தேன். புது டயருக்கு மேலே ஒரு வழவழப்பு இருக்கும், கொஞ்சம் ஓடித் தேய்ந்தால்தான் போகும். அதுவரை ஈரத்தில் நம்பக்கூடாது. அப்படியிருந்தும் எஸ்டேட் முச்சந்தித் திருப்பத்தில் என்ன ஒரு பிடி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாளை காலை கோயிலில் பூஜை. அண்ணனே பூசாரியிடம் சொல்லிவைத்திருக்கிறான். முடிந்ததும் நேரே கோலா பிலா.

17 மார்ச், ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எஸ்டேட் மாரியம்மன் கோயில். நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானட்டில் சந்தனம், குங்குமம். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன்:

“தினேஷ். தனுசு ராசி, பூராட நட்சத்திரம்.”

பூசாரி என்னைப் பார்த்தார். வருஷா வருஷம் இந்தக் காருக்கு என் பெயரைச் சொன்னவர். பிறகு தினேஷ் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டார். தீபாராதனை வந்தபோது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பழக்கதோஷம்.

என்னிடம் இத்தனை நாள் மறைத்தவனுக்கு அம்மனிடம் மறைக்கத் தைரியம் இல்லை. வேறு பெயரில் அர்ச்சனை செய்தால் வண்டிக்கு ஆகாது என்று பயம்.

கோயில் வாசலிலேயே கேட்டேன். நிச்சயதார்த்தத்தன்றே காரைத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்றாம். தினேஷ் ஆசைப்பட்டானாம். டயரை மட்டும் நல்லதாக மாற்றித் தரச் சொன்னார்களாம். நாளை வந்து எடுத்துக்கொள்வானாம்.

“அப்ப என்னை ஏன்ணே தேட வச்ச?”

“உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்.”

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான். சீக்கிரம் பழத்தின் மேல் ஏற்று, நேரம் போகிறது என்றான். ஏற்றினேன். நான்கும் நசுங்கின. ஏன் ஏற்றினேன்? அந்தக் கோபம் என் மேல்தான்.

அம்மாவுக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே.

“பொண்ணு வீட்டுல வாய் விட்டுக் கேட்டாங்க, எப்படி மாட்டேங்கிறது? நீ நாளைக்கு கல்யாணம் கட்டிப் போறவ. காரா உன் கூட வரப் போவுது?”

வேறு எது வரும், அதற்குத்தானே சக்கரம் இருக்கிறது என்றேன். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நான் ‘ஆ’வா ‘அ’வா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து தலையாட்டினாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அண்ணன் செய்ததைவிட அது.

18 மார்ச், திங்கள்

வானம் மப்பு. பேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போனேன். சாவியை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன், யார் கையிலும் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தால் கார் இல்லை. என் சாமான்களை அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். குடை, வேலைச் செருப்பு, கறுப்புக் கண்ணாடி, காற்று அளக்கும் மீட்டர், பாதி பாக்கெட் முறுக்கு.

அண்ணன் பேச்சுக் கொடுத்தான். மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

19 மார்ச், செவ்வாய்

மழை. கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே ரோடு தெரியவில்லை. தினேஷ் இன்று கோலா பிலா போகிறான் என்று அண்ணன் காலையில் பெருமையாகச் சொன்னான். புக்கிட் புத்துஸ் வழியாக. என் வளைவுகள்.

அந்த வழவழப்பு இன்னும் போயிருக்காது. அவனிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள், தெரிந்தால்தானே சொல்வதற்கு.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். போய் ஒரு இடி வாங்கட்டும், முன்பக்கம் நசுங்கட்டும். சாப்பாட்டு நேரம் முடியப்போகும்வரை இப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. பையன் என்ன செய்தான், ஆசைப்பட்டான், கேட்டான். கொடுத்தது வேறு ஆள்.

புது டயர், மழையில் வளைவில் வழுக்கும், ஒரு வாரம் மெதுவாக ஓட்டு என்று செய்தி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில். குரல் செய்தி.

“நன்றிக்கா. மலை ஏறல, ஓரமா நிறுத்திட்டேன். டயர் சூப்பர் லா. சேகர் மச்சான் எனக்காக ரெண்டு வாரம் தேடிப் பாத்து வாங்குனாராம்.”

மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன்.

“தேடுனது நான்” என்று அடித்து அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமாயின, படித்துவிட்டான். வேலை விட்டதும் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.