இருபத்தைந்து ராஸ்பெரிக் குச்சிகள்

கூசிலா, மிஷிகன்
ஜூன் 20, 1978

அன்பு மகள் ஈர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயில் ஊரில் அதேபோல இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறார், மீனும் உருளைக்கிழங்கும் கேட்கிறார். போனவாரம் போனில் பேசும்போது உன் குரலே வேறமாதிரி இருக்கே அம்மா, என்ன விஷயம் என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். நம் சாலையில் ஐந்து வீட்டுக்கும் ஒரே லைன் என்பது உனக்குத் தெரியாததா, ஒருத்தர் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

ஜனவரியில் ஜன்னல் பாதி மறையும்வரை பனி கிடந்தபோது தபாலில் நாற்றுப்பண்ணையின் விலைப்புத்தகம் வந்தது. நாம் நீராவிக் குளியல் போடுகிற சவுனா அறைக்குத் தெற்கே சும்மா கிடக்கிற இடத்தில் ராஸ்பெரிப் பழச்செடி போடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. அப்பாவிடம் சொல்லாமலே இருபத்தைந்து குச்சிக்கு எழுதிப் போட்டேன். அப்புறம்தான் அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது, மார்க்கெட் நகரத்து ஆஸ்பத்திரி, ஆபரேஷன், நான் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியது எல்லாம் நடந்தது. அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, வீட்டுக்கு வந்த பிறகு அவர் இருந்த இருப்பு. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. டாக்டர் உடம்பு தேறிவிட்டது, எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்றார். யாரிடம் சொல்வது? குச்சிகளின் நினைவே எனக்கு இல்லை. நினைத்திருந்தாலும் பண்ணைக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் இருந்திருப்பேன்.

அவர்கள் மறக்கவில்லை. ஏப்ரலில் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பெட்டி வந்திருக்கிறது. பனி தள்ளும் வண்டி நம் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்துப் புதைத்துவிட்டுப் போயிருந்ததால், தபால் கொண்டுவருகிற லெம்பி என்ன செய்வதென்று தெரியாமல், உயிருள்ள செடி, உடனே திறக்கவும் என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறாள். அடுத்த வீடு யாருடையது? உன் ஆர்வோ மாமாவுடையது. சுரங்கம் மூடிய வருஷம், அங்கே பாரம் தூக்குகிற பெரிய இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு வெட்டிப்போடுகிற வேலைக்கு அப்பா போனதும், சுரங்கம் திரும்பத் திறக்கும் என்று காத்திருந்த மாமா, எங்க எல்லார் கழுத்தையும் நீதானே அறுத்தே என்று கடைத்தெருவில் வைத்துச் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நின்ற பேச்சு, ஒன்பது வருஷம். கூடப்பிறந்த அண்ணனை நான் தேவாலயத்தில் தூரத்தில் இருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைத் திறந்து, ஈரத்தாளில் சுற்றியிருந்த வேரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு வைக்கிற நிலவறைக்கு ஒரு மரப்பெட்டி நிறைய மணல் சுமந்து, அதில் வேர்களைப் புதைத்து, தினம் காலையில் கையை விட்டு ஈரம் பார்த்திருக்கிறார். ஐந்து வாரம். ஈரம் அதிகமானால் அழுகும், குறைந்தால் காயும். கூடவே, லெம்பி வரும்போதெல்லாம் அந்த ரெண்டு பேரும் எப்ப வர்றாங்களாம் என்று கேட்பாராம். பேரைச் சொல்ல மாட்டாராம். இதை அவள் எனக்கு அப்புறம்தான் சொன்னாள்.

மே மாதம் பதினாறாம் தேதி, நாங்கள் வீடு வந்து பத்து நாள் ஆகி, மண்ணில் உறைபனி விட்டதும், நம் வாசலில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அண்ணன் நிற்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது ஈர்யா. உன் தபாலைப் பிரிச்சுட்டேன், தப்புதான் என்று ஆரம்பித்தார். பிறகு குனிந்து வண்டியில் இருந்த மரப்பெட்டி மணலில் இருந்து ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். அடுப்புக்குக் கூடப் போதாத ஒரு சுள்ளி. அதன் வேரில், பால்பல் மாதிரி வெள்ளையாக, சின்னச்சின்னதாக முளைக்கண்கள். மண்ணையும் வெளிச்சத்தையும் விட்டு எத்தனையோ நூறு மைல் தபால் மூட்டைக்குள் கிடந்து வந்தது, இருட்டு அறையில் கண் திறந்திருக்கிறது. அந்தக் கண்களைப் பார்ப்பதா, அதைக் காப்பாற்றி எடுத்துவந்த கையைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினால் அப்பா. இரவு உடையின் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் நிற்கிறார். மெதுவாக இறங்கி வந்து மரப்பெட்டிக்குள் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் மண்வெட்டியை எடுத்துச் சவுனாப் பக்கம் போனார். அப்பா பின்னாலேயே போனார். அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டு பேரும் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறார்கள், பேச்சு மட்டும் என் வழியாக. அவ்வளவு ஆழம் வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லு என்பார் அப்பா. பெட்டியோட வந்த காகிதத்துல போட்டிருக்கிற ஆழம்தான் இதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு என்பார் அண்ணன். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டடிக்கு ஒன்றாக இருபத்தைந்தும் மண்ணுக்குள் போனது. கடைசியில் அண்ணன் கத்தரியை எடுத்து, முதல் குச்சியைச் சாண் உயரத்துக்கு வெட்டக் குனிந்தார்.

“வெட்டாதே ஆர்வோ.”

அப்பாதான். நேராக அவரைப் பார்த்து. இவ்வளவு தூரம் பிழைத்து வந்ததை வெட்டுகிறாரே என்று அவருக்குத் தாங்கவில்லை. அண்ணன் நிமிர்ந்தார்.

“வெட்டினாத்தான் வேரு பிழைக்கும், உர்ஹோ. வெட்டுறதுல நீதானே கெட்டிக்காரன். இந்தா, பிடி.”

கத்தரி அண்ணன் கையில் நீட்டியபடியே இருக்கிறது. அப்பாவின் கழுத்து சிவந்தது, தாடை இறுகியது, பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது, தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார், அவ்வளவுதான். அப்பா கத்தரியை வாங்கி, இருபத்தைந்தையும் தானே வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் குனிய முடியாமல், அண்ணன் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

அதற்கப்புறம் அப்பா சுவர்ப்பக்கம் படுக்கவில்லை. தினம் காலையில் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரிசையிடம் போய் நிற்பார். நானும் போவேன். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். குச்சிகள் அப்படியே காய்ந்தமாதிரி நின்றன. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அவரிடம் சொல்லவில்லை. நேற்று வரிசையில் களை எடுக்கக் குனிந்தேன், குச்சிக்கு ஒரு சாண் தள்ளி மண் வெடித்து, செம்பழுப்பாக ஏதோ தலை நீட்டியிருந்தது. பிடுங்கக் கை வைத்தேன். ஐலி, கையை எடு என்றார் அப்பா. ஈர மண்ணில் மண்டியிட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அங்கே ஒன்று, வரிசை நெடுக. நாங்கள் இத்தனை நாளும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது யாருக்கும் தெரியாமல் கீழேயே நடந்து வேறு இடத்தில் வந்து நிற்கிறது. இங்கதான் வெளிய வரணும்னு இதுக்கு யாரு சொன்னது என்று அப்பா கேட்டார். ஐம்பத்தெட்டு வயதாகிறது, தோட்டத்திலேயே வளர்ந்தவள், ஆனாலும் நேற்று அந்த மண்ணின் மேலே கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

நீ வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி. ஏலக்காய் ரொட்டி பார்சல் அனுப்பியிருக்கிறேன், காய்ந்திருந்தால் பாலில் தொட்டுச் சாப்பிடுங்கள். கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவராக வாய்விட்டுக் கேட்க மாட்டார். இரண்டு வரி போதும், பேரைப் பெரிய எழுத்தில் எழுது, அவருக்கு இப்போது கண் அவ்வளவு தெரிவதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஐலி