விமானத்தைத் தள்ளும் விசை

அன்பின் ஐறீனுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

பறக்கும்போது காற்றில் உரசி மின்னேற்றம் பெறும் விமானத்தைப் பூமியின் காந்தம் பக்கவாட்டில் தள்ளும் என்று நான் போனில் சொன்னதும், "அப்ப நான் டோஹாவுக்கு வரமாட்டன்" என்று போனை வைத்துவிட்டீர்.

இங்குள்ள இஞ்சினியர் நபீஸ் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தான். "அங்கிள், அந்த விசை, ரத்தம் குடிக்கிற ஒரு நுளம்புட பாரமும் வராது. ஆன்ட்டிய வீணாப் பயங்காட்டிட்டீங்களே!"

நான் சொன்னதில் பிழையில்லை. விசை இருக்கிறது. எவ்வளவு என்று கேட்காதது நீர்தான்.

நத்தார் பண்டிகைக்கு நீர் இங்கு வர டிக்கட் போட்டுவிட்டேன். வரும்போது கொட்டாஞ்சேனைக் கடையில் நெத்தலிக் கருவாடு வாங்கும். நான் வீட்டில் கட்டும் பழைய சாரமும் வேண்டும்.

உமக்கென்று இங்கே போட்ட கட்டில் சும்மா இடத்தை அடைக்கிறதென்று வீட்டுக்காரர்கள் எடுக்கச் சொல்கிறார்கள். நான் விடவில்லை.

வேலைக்கு நேரமாகிறது.

உமது,
ஸ்டனிஸ்லாஸ்