பின்சீட்டு

ஜனவரி 12, ஞாயிறு

காப்பி டம்ளரை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டே அண்ணன் கேக்குறாரு, "யாரும்மா நீங்க? வீட்டுக்காரங்க யாரும் இல்லையா?"

"வேலைக்கு வந்திருக்கேன் ஐயா"ன்னு சொல்லிட்டேன். தங்கச்சின்னு சொன்னா அவரு மூஞ்சி வெளுத்துப் போகுது, கையைக் கூப்பி மன்னிப்புக் கேக்குறாரு. அந்தக் கண்ராவியைப் பாக்குறதுக்கு வேலைக்காரியாவே இருந்துட்டுப் போறேன். செய்யறது என்னவோ அந்த வேலைதானே.

அண்ணனைப் பத்தி தினமும் எழுதி வைக்கச் சொன்னாங்க டாக்டரம்மா. என்ன சாப்டாரு, எப்போ தூங்கினாருன்னு நாலு வரி போதுமாம். நாலு வரியில நிறுத்தற ஆளா நான்?

அப்புறம் வழக்கம்போல ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க நிக்கிற பழைய கார்ல டிரைவர் சீட்ல ஏறினாரு, நான் பின்னாடி ஏறிக்கிட்டேன். சாவியைத் திருப்பினதும் வண்டி ரெண்டு இருமல் இருமிட்டு ஸ்டார்ட் ஆச்சு. அந்தச் சத்தம் கேட்டதுமே அவரு முதுகு நிமிந்துது. மேல தொங்குற சின்னக் கண்ணாடியை விரலால ஒரு தட்டு தட்டி, அதுல என்னைப் பாத்தாரு.

"என்ன பாப்பா, தலை வாரலையா இன்னைக்கு?"

நேர்ல பாத்தா யாரோ. அந்தக் கண்ணாடியில பாத்தா பாப்பா! காலையில கொஞ்ச நேரம்தான். இறங்கினா திரும்ப யாரோ. எனக்கு அது போதும் சாமி.

ஏன்னு எனக்குத் தெரியும். என் சின்ன வயசுல அண்ணன் இந்த வண்டிக்குத்தான் டிரைவரா இருந்தாரு. முதலாளியை ஆபீஸ்ல விட்டுட்டு, திருட்டுத்தனமா என் பள்ளிக்கூடத்து வழியா வந்து என்னை ஏத்திட்டுப் போவாரு. சீட்ல உக்காந்தா கால் கீழ எட்டாது எனக்கு. வாய் மட்டும் எட்டூருக்கு எட்டும். கண்ணாடியில பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஓட்டுவாரு.

இதை யார்கிட்டயும் சொல்லல. வெளிய சொன்னா கலைஞ்சு போயிடுமோன்னு ஒரு பயம்.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணன் மகன் வந்தான், கூட ஒரு மியூசியம் மேடம். பழைய வண்டியெல்லாம் சேத்து ஒரு கண்காட்சி வைக்கப் போறாங்களாம். மேடம் நம்ம வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. அப்புறம், "இதை யாரு சரி பண்ணது?"

"எங்கண்ணன்தான்"னு ஆரம்பிச்சேன். முதலாளி வீட்டுப் பின்பக்கம் கோழி முட்டை போட்டுக்கிட்டு இருந்த வண்டி. ரிட்டயர் ஆனதும் லாரியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒவ்வொரு ஆணியா கழட்டி, தேச்சு, கிடைக்காத பாகத்தையெல்லாம் தானே அடிச்சுச் செஞ்சாரு. பாவம் அண்ணி, சாகிற வரைக்கும் இந்த வண்டியைச் சக்களத்தின்னுதான் கூப்பிட்டா. எல்லாத்தையும் சொன்னேன். கண்ணாடியைத் தவிர.

"அப்பா பேரு போர்டுல வரும் அத்தை. மூணு மாசம்தான்"னான் பையன்.

அண்ணனையே கேட்டாங்க. "தாராளமா எடுத்துக்கங்க"ன்னாரு. நேத்து தபால்காரர் தண்ணி கேட்டப்பவும் இதையேதான் சொன்னாரு, இதே சிரிப்போட.

"நீங்கதான் கூட இருக்கீங்க, நீங்க சொல்லுங்க அத்தை."

சரின்னுட்டேன். அண்ணி போனதும், நான் தாலி அறுத்து வந்ததும், பசங்க தூரமாப் போனதும், இதெல்லாத்துக்கும் நடுவுல குனிஞ்ச தலை நிமிராம வேலை செஞ்ச மனுசன். அவரு பேரை நாலு பேர் நின்னு படிக்கட்டுமே! அதுவுமில்லாம, கண்ணாடிதானே? வீட்ல இல்லாத கண்ணாடியா?

பிப்ரவரி 2, ஞாயிறு

வண்டி போயிடுச்சு.

வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு வந்தாங்க, ஆபரேஷன் பண்ண வந்தவங்க மாதிரி. பெட்ரோல் பூரா கேன்ல இறக்கினாங்க, பேட்டரியைக் கழட்டினாங்க. ஹாலுக்குள்ள ரெண்டும் இருக்கக் கூடாதாம், தீப்பிடிச்சுக்குமாம். அண்ணன் லாரி பின்னாடி நின்னு, "ரைட்ல ஒடி, ரைட்ல! பாத்து, அடுத்தவங்க வண்டி"ன்னு கை காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

பிப்ரவரி 3

ஷெட்டுத் தரையில எண்ணெய்க் கறை மட்டும்தான் இருக்கு. அண்ணன் அதுல கால் படாம சுத்திச் சுத்தி நடக்குறாரு, வண்டி அங்கேயே நிக்கிற மாதிரி.

பிப்ரவரி 6

நாற்காலியில அண்ணனை உக்கார வெச்சு, பின்னாடி இன்னொரு நாற்காலி போட்டு நான் உக்காந்துக்கிட்டேன். குளியலறைக் கண்ணாடியைக் கழட்டி அவரு முன்னாடி ஜன்னல்ல சாத்தி வெச்சிருந்தேன். சரியா என் மூஞ்சி தெரியற மாதிரி.

பாத்தாரு. தாடையைத் தடவிக்கிட்டாரு. "நேத்துத்தானே ஷேவ் பண்ணேன்?"

கொஞ்சம் தள்ளி வெச்சேன். வேற கண்ணாடி கொண்டு வந்தேன், கைக்கண்ணாடி, பவுடர் டப்பாவுல ஒட்டியிருக்குமே அதுகூட. கடைசியில எழுந்திருச்சுட்டாரு. "கண்ணாடி விக்க வந்தீங்களாம்மா? வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லை, அப்புறமா வாங்க."

சிரிப்பு வந்துது. அப்புறம் நிக்கவே இல்லை, சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல. காரணம் கண்ணாடி மட்டும் இல்லை போலருக்கு. அந்தச் சத்தம், அந்தச் சீட்டு வாசனை, ஸ்டியரிங் கையில இருக்கறது, எல்லாம் சேந்துதான். எது எதுன்னு பிரிச்சுப் பாக்க எனக்கென்ன தெரியும்? எட்டாவது படிச்சவ.

பிப்ரவரி 20

என் கையால சாப்பிட மாட்டேங்குறாரு. "அந்தம்மா என்னமோ கலந்து குடுக்குது"ன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு.

மத்தியானம் வாசக்கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. "என் தங்கச்சியை வரச் சொல்லுங்க. அவ வந்தா சாப்பிடறேன்."

நான் இங்கதானேண்ணா நிக்கிறேன்! தட்டைக் கையில வெச்சுக்கிட்டு உன் முன்னாடிதானே நிக்கிறேன்! சாமி உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? எத்தனை காலையில விளக்கேத்தி உன் முன்னாடி நின்னிருக்கேன்... ஒரு பொழுதாவது எனக்குன்னு கேட்டேனா?

பெருசா எழுத முடியல இன்னைக்கு.

மார்ச் 9, ஞாயிறு

பையன் கார் கொண்டு வந்தான், மூணு பேரும் மியூசியம் போனோம். மனசுக்குள்ள ஒரே வேண்டுதல். உள்ள ஏறி உக்காந்துட்டா போதும்.

பெரிய ஹால், கூரையிலேர்ந்து லைட்டு அடிக்குது. நம்ம வண்டிதான் நடுவுல, மணப்பெண் மாதிரி. சுத்திச் சிவப்புக் கயிறு. பக்கத்துல போர்டு, அதுல அண்ணன் பேரு, நல்லா பெருசா.

அண்ணன் போர்டைப் படிச்சாரு. எழுத்துக் கூட்டி, தன் பேரையும் சேத்து, முழுசா. அப்புறம் வண்டியைப் பாத்தாரு. கதவு விளிம்பை, மட்கார்டு வளைவை. "யாரோ பொறுமைசாலி"ன்னாரு. "நல்லாப் பண்ணியிருக்கான்யா."

பையன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அண்ணன் கயித்தைத் தூக்கிக்கிட்டு உள்ள போகப் பாத்தாரு. வாட்ச்மேன் ஓடி வந்தாரு. "பெரியவரே, தொடக் கூடாது."

"அவரு வண்டிங்க அது"ன்னேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. காலையில ஒருத்தர் தாத்தா வண்டின்னாரு."

திரும்பி வரும்போது படிக்கட்டுல நின்னு பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கண்ணாடி, பாப்பா, காலையில அந்தக் கொஞ்ச நேரம்.

"ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?"

ஊர்ல இருக்கிற எல்லாக் கதையும் பேசற வாய். இதை மட்டும் மூடி வெச்சேன்.

மார்ச் 17, திங்கள்

திங்கக்கிழமை மியூசியம் லீவு. பையன் எப்படியோ பேசி, அந்த மேடம் எங்களை உள்ள விட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், மனசு உள்ளவங்க.

மூணு பேருக்கும் கையுறை குடுத்தாங்க. அண்ணன் விரல் விரலா மாட்டிக்கிட்டாரு, டிரைவர் உத்தியோகத்துல இருந்தப்போ போட்ட பழக்கம். கயித்தை அவிழ்த்தாங்க. அவரு ஏறினாரு. நான் பின்னாடி. என் இடம். ஆனா சீட்ல என்னமோ மருந்து வாசனை.

கண்ணாடி கூரையைப் பாத்துத் திரும்பியிருந்துது. லைட்டு பட்டு பாக்க வர்றவங்க கண்ணு கூசுதுன்னு திருப்பி வெச்சாங்களாம். மேடமே எட்டி நேராக்குனாங்க.

அண்ணன் சாவியைத் திருப்பினாரு.

சத்தமே இல்லை. பேட்டரிதான் இல்லையே! வாசப்படி ஏறினப்போகூட எனக்கு அது ஞாபகம் வரலையே!

மறுபடி திருப்பினாரு. மறுபடி. கண்ணாடியைப் பாக்கவே இல்லை. தோள் ரெண்டும் உள்ள போயிடுச்சு. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சுங்க. நான் ஒண்ணும் பண்ணல. முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"ன்னு மேடத்தைப் பாத்து அழுதாரு. எழுபது வயசைத் தாண்டின மனுசன், வேலை போயிடும்னு பயந்து அழறாரு.

நானே கூட்டிட்டுப் போய் அந்தப் பயத்தை அவருக்குள்ள வெச்சுட்டு வந்தேன்.

மார்ச் 18

சாமி கும்பிடல.

ஏப்ரல் 4

மேடம் போன் பண்ணாங்க. வண்டியை முன்னாடியே அனுப்ப முடியுமான்னு மேல கேட்டாங்களாம். முடியாதாம். ஊரெல்லாம் ஒட்டின போஸ்டர்ல நம்ம வண்டிதானாம். "ரொம்ப ஸாரிம்மா"ன்னாங்க. "நீங்க என்ன பண்ணுவீங்க கண்ணு"ன்னேன். வேற என்ன சொல்றது?

ஏப்ரல் 22

இப்பல்லாம் "யாரும்மா நீங்க"ன்னுகூட கேக்குறதில்லை.

மே 12, திங்கள்

வண்டி வந்துடுச்சு. பையன் லீவு போட்டு வந்து பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊத்தி, எல்லாம் பண்ணான். அண்ணனை ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையாப் புடிச்சு ஷெட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் நடக்குறாரு இப்போ.

ஏத்தி உக்கார வெச்சோம். நான் தலையை நல்லா வாரியிருந்தேன். பையனே சாவியைத் திருப்பினான். ரெண்டு இருமல், அதே மாதிரி, அச்சு அசலா அதே மாதிரி.

அண்ணன் முன்னாடி சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "அண்ணா, கண்ணாடி"ன்னேன். நிமிந்து பாத்தாரு. என் கண்ணு அவரு கண்ணுல பட்டுது. அவ்ளோதான். கடைக் கண்ணாடியில ரோட்டுல போறவங்களைப் பாக்கற மாதிரி ஒரு பார்வை.

பையன் கதவுல சாஞ்சு நின்னான். "நாளைக்கும் பாக்கலாம் அத்தை"ன்னான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மே 29

தினமும் ஏத்தி உக்கார வெக்கறேன். தினமும் சுவத்தைத்தான் பாக்குறாரு. போர்டை மியூசியத்துலேர்ந்து பார்சல் அனுப்பியிருக்காங்க, ஞாபகமா வெச்சுக்கச் சொல்லி. பீரோ பின்னாடி செருகிட்டேன். அந்தப் பேருக்கு ஆசைப்பட்டுத்தானே.

ஜூன் 8, ஞாயிறு

இன்னைக்கு நான் ஒண்ணும் எதிர்பாக்கல. தலைகூட வாரல. இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துது, நான் பின்னாடி கண்ணை மூடிச் சாஞ்சிருந்தேன்.

"எங்கம்மா போகணும்?"

கண்ணு முழிச்சேன். கண்ணாடியில என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாப்பாவைப் பாக்கற பார்வை இல்லை அது. வண்டியில ஏறினவங்களைப் பாக்கற பார்வை. ஆனா மரியாதையா, முழுசா பாத்தாரு.

"வீட்டுக்குங்க"ன்னேன்.

"நானும் அந்தப் பக்கம்தான்." ஸ்டியரிங்கை லேசாத் திருப்பினாரு. வண்டி நின்ன இடத்துலதான் நிக்குது. "பேசாமயே வர்றீங்களேம்மா. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ ஏறினா வாய் மூடாது. வாத்தியார் என்ன சொன்னாரு, எவ எவளோட சண்டை போட்டா, வழி பூரா அதான்."

"தொந்தரவா இருக்குமே உங்களுக்கு?"

"தொந்தரவா? அவ இல்லாத அன்னைக்கு ரோடே நீளமா இருக்கும்மா." சிரிச்சாரு. மாசக்கணக்கா நான் பாக்காத சிரிப்பு. "தலையே வார மாட்டா கழுதை."

நான் புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டேன். அழறது கண்ணாடியில தெரிஞ்சுடக் கூடாது, பயந்துடுவாரு.

கொஞ்ச தூரம் ஓட்டினாரு. அப்புறம் வண்டியை ஆஃப் பண்ணாரு. "உங்க வீடு வந்துடுச்சும்மா. பாத்து இறங்குங்க. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், அவ காத்துக்கிட்டு இருப்பா."

சட்டுனு இறங்கிட்டேன். என்னால அவருக்கு நேரமாயிடக் கூடாது.