திரும்பும் இருக்கையும் கூடுதல் வரியும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம்தான், அப்பாவின் தலை மட்டும் ஒரு வாரமாகக் கிறுகிறுத்துக்கொண்டிருக்கிறது, என்னுடையதும்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா, உன் இருமல் விட்டதா, எழுது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திருத்திக்கொண்டே இருப்பார். அதனால் அவர் வெளியே போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

எல்லாம் இந்தப் புதுக் காரால் வந்த வினை. நான் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நம் பழைய காரில் குனிந்து ஏறுவது பெரும்பாடாக இருக்கிறது. அதற்காக அப்பா ஒரு கார் பார்த்தார், நல்ல உயரம், முன் இருக்கை அப்படியே வெளிப்பக்கம் திரும்பும், உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் ஆளை உள்ளே கொண்டுபோய்விடும். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தேன், மகாராணி மாதிரி இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் கார் ஒரு குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் வழக்கமான வரி போக, ஐந்து வருஷத்துக்கு வருஷா வருஷம் கூடுதல் வரி உண்டாம். இதைக் கேட்டதும் உன் அப்பா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். துணிக்கடைக்குக் கொள்முதல் செய்தே காலம் தள்ளிய மனிதர், பேரம் என்று வந்துவிட்டால் பசி தாகம் தெரியாது. விற்பனைப் பெண் மேலாளர் அறைக்கும் எங்களுக்குமாக நடந்தே இளைத்திருப்பாள். கடைசியில் விலையை அந்த வரம்புக்குக் கீழே இறக்கிவிட்டு, வீடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மாடி வீட்டு வரிக் கணக்கரிடம் பெருமையாகச் சொல்லப்போய் மூக்கு உடைபட்டது. "நீங்க எவ்வளவு குறைச்சு வாங்கினாலும் சரி, கம்பெனி பட்டியல்ல என்ன விலையோ அதுக்குத்தான் வரி" என்றார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான் கொடுக்காத காசுக்கும் வரியா?" என்று கேட்டார், ஆமாம் என்றார் அவர். எனக்கு அது இன்னும் புரியவில்லை, உனக்குப் புரிந்தால் எழுது. சரி, பட்டியல் விலையையே குறைக்கிறேன் என்று திரும்ப ஷோரூமுக்குப் போய், கண்ணாடிக் கூரை வேண்டாம், பெரிய சக்கரம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். அப்படியும் விலை வரம்புக்கு மேலேயே நின்றது. "இனிமே எடுக்கிறதுன்னா அந்தத் திரும்புற சீட்டுதான் சார்" என்றாளாம் அந்தப் பெண். அந்த இருக்கைக்காகத்தானே காரே.

அப்புறம் கணக்கரே ஒரு வழி சொன்னார். நடக்க முடியாதவர்கள் பெயரில் பதிவு செய்தால் அந்தக் கூடுதல் வரி கிடையாதாம். "இனி சரியாகாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, போதும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் அப்பா பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "அஞ்சு வருஷம் இல்ல, ஐம்பது வருஷம் வேணும்னாலும் கட்டறேன். அவ நடப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பித்தான் விலைக்கு மல்லுக்கு நின்ற மனிதர் பேசுகிற பேச்சா இது. நான் நடந்துவிடுவேன் என்றால் திரும்புகிற இருக்கை எதற்கு என்று கேட்டேன், அதற்கும் கோபம். வரியும் புரியவில்லை, இவரும் புரியவில்லை.

ஒன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன முறை ஆஸ்பத்திரியில் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார், நான் பிடித்து நடக்கிற இந்த வாக்கர் இனி என்னோடுதான் இருக்கும் என்று. நான் அழவில்லை, நீயும் அழாதே. அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. தினமும் காலையில் நான் கூடத்தில் நடக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தபடி எனக்கு எதிரே பின்பக்கமாக நடந்து, கையை நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன். எந்தப் பெயரில் பதிவு என்று இந்த வாரத்துக்குள் ஷோரூமுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிடவா, இல்லை, அவர் பாட்டுக்கு வரி கட்டட்டும் என்று விட்டுவிடவா? நீயே யோசித்துச் சொல், எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அப்பா போன் செய்தால் முதலில் கார் என்ன நிறம் என்று கேள், அதைக் கேட்க ஆளில்லாமல் தவிக்கிறார்.

உன் அம்மா