சிக்னல் இல்லாத இடமாகப் பார்

(முதல் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன். இதை மட்டும் பத்தாம் தேதி இரவில் எழுதுகிறேன்.)

இதைக் கையில் எடுத்தது யாராக இருந்தாலும், மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருவரிடமும் வேண்டாம், அம்மாவிடம்கூட. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு இடம் தேடிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஜன. 4, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை தெருமுனை தெரியவில்லை. தேர் முடிந்தும் வீதியெல்லாம் கடலைத் தோல், கிழிந்த பலூன். அம்மா கோலத்தில் பூசணிப்பூ வைத்தாள். மாடு வந்து தின்றுவிட்டுப் போனது.

பெரிய செய்தி. புலி பார்க்கப் போகிறோம். மாட்டுப் பொங்கல் அன்று இரவு கிளம்பி முதுமலைப் பக்கம். அப்பா தானாகவே சொன்னார். பெயின்ட் கடையை ஒரு நாள் அடைத்தாலே முகம் சுண்டிப்போகும் அப்பா. பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாலே “கிள்ளை பஸ் ஏறிப் போயிட்டு வா” என்கிற அப்பா.

“எங்க தங்குறதுன்னு நீயே பாரு யாழினி. உனக்குத்தான் அந்தக் காட்டு விஷயமெல்லாம் தெரியும். சிக்னல் இல்லாத எடமா பாரு. கடைலேர்ந்து எவனும் போன் பண்ணக் கூடாது.”

வேதியியல் படிக்கவில்லை. நாளை படிக்கணும். இரவு முழுக்க அப்பாவின் போனில் விடுதிகள்.

– வனத்துறை ஓய்வு விடுதி. காட்டுக்கு உள்ளேயே. பழைய கட்டடம், வாசலில் மான். எனக்கு இதுதான் ஆசை. பொங்கலுக்கு இடம் இல்லை.
– நீச்சல் குளம் வைத்த ரிசார்ட். ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டுப் போடுவார்களாம். பாட்டுக் கேட்கவா புலி வரும். வேண்டாம்.
– மரவீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏணி ஏறமாட்டாள்.
– ஊருக்குள் வீட்டோடு அறை. சாப்பாடு நன்றாக இருக்குமாம். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு.
– கடைசியாக ஒன்று. மசினகுடி தாண்டிக் காட்டோரம். எட்டே குடில்கள். டிவி இல்லை. சிக்னல் இல்லை. இருட்டிய பிறகு குடிலை விட்டு வெளியே வரக் காவலர் துணை வேண்டும். மாலை ஆறுக்குச் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள், விடியும் வரை ஒரு வண்டியும் போகாது வராது.

கடைசி வரியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில்.

ஜன. 6, செவ்வாய்

குளிர். இருமல். இயற்பியல் டெஸ்ட் சுமார்.

விடுதி மேலாளர் பெயர் ஜெசிந்தா மேடம். எழுத மாட்டார், எல்லாமே குரல் பதிவு. “பாப்பா, வர்றவங்க எல்லார் வயசும் ஆதார் நகலும் அனுப்பிடு. ஜீப் சவாரிக்கு வேணும்.” நல்ல குரல். சளி பிடித்த மாதிரி.

அப்பா: “உனக்குப் பதினெட்டுன்னு போடு.”

“ஆகஸ்ட்லதானப்பா பதினெட்டு.”

“ஒரு ஆறு மாசம். போடு, ஒண்ணும் ஆவாது.”

“ஆதார்ல பொறந்த தேதி இருக்குமே.”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பதினேழு என்றே போட்டு நகலும் அனுப்பினேன். பதினெட்டுக்குக் கீழே என்றால் ஜீப்புக்குத் தனியாகக் கையெழுத்துக் கேட்பார்களோ என்னவோ. பெரியவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பொய் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அங்கே சின்னதாக ஒரு பூஜை செய்துகொள்ளலாமா? கடைக்காக இருக்கும். ஜெசிந்தா மேடம் பதில்: “மேளம், மைக்கு எதுவும் கூடாதுங்க. பூவும் பழமும் குடிலுக்கு உள்ளயே வைங்க. வெளிய வச்சா கொரங்கு உங்கள முந்திக்கும்.” நான் மட்டும் சிரித்தேன்.

ஜன. 8, வியாழன்

கோபம். இரண்டு குடில் போதாதாம், நான்கு வேண்டுமாம். அத்தையும் வருகிறார். கடலூர் அத்தை, அப்பாவுக்கு அக்கா. கூடவே அத்தை மகன் சரவணன் மாமா, அவர் பக்கத்துச் சொந்தங்கள் சிலர். சரவணன் மாமாவுக்கு இருபத்தொன்பது வயது. சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை.

இதுவா புலி பார்க்கிற கூட்டம். அத்தை பேச ஆரம்பித்தால் யானையே வேறு பக்கம் போய்விடும். வாயைத் திறந்தாலே “என் மருமவளே”. மூன்று வயதிலிருந்து கேட்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா பீரோவிலிருந்து அரக்குப் பட்டு எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். என் அளவுக்கு ஜாக்கெட் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

“காட்டுக்கு எதுக்கும்மா பட்டு? பச்சை, காக்கி மாதிரி மங்கலாத்தான் போடச் சொல்லியிருக்காங்க.”

“பூஜைக்கு.”

“கடை பூஜைக்கு நான் எதுக்குப் பட்டு கட்டணும்?”

“எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேக்காத.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன. 10, சனி

எழுத்து கோணல். சத்தம் வராமல் எழுதவேண்டும். என் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அம்மா வந்தால் வளையல் சத்தம் முன்னால் வரும். அப்பா எப்போதும் கதவைத் தட்டமாட்டார், தள்ளிக்கொண்டு வருவார். அவர் வீட்டுக்குள் போடுகிற செருப்பின் சத்தத்துக்கு ஒரு காதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் கடலூர் போனோம். மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு. சாப்பிட்டதும், மாடியில் காய்கிற துணியை எடுத்து வா என்றார் அத்தை. எடுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டுக்கு நேர் கீழே கூடத்து ஜன்னல். பேச்சு கேட்டது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், பிறகு நானே கனவு என்று நினைத்துவிடாமல் இருக்க.

அத்தை: “ஊர்ல வச்சா எவளாவது போன் போட்டுருவா. அந்தப் புவனகிரி பொண்ணுக்கு என்னா ஆச்சு? பந்தி போடறப்ப ஆபீசருங்க வந்து நிக்கல?”

அம்மா: “பரீட்சை முடியட்டுமே அண்ணி. படிக்கிற புள்ள.”

அத்தை: “தாலியா கட்டப் போறோம்? பூதான வைக்கிறோம். என் கையால பூ வச்சிட்டா அவ எங்க வூட்டுப் பொண்ணு. அப்புறம் எவனும் கேட்டு வர மாட்டான். பரீட்சை முடிஞ்சி வைகாசில முடிச்சிக்கலாம்.”

அப்பா: “மார்கழி போவட்டும்க்கா, இப்ப இந்தப் பேச்சு வேணாம். தை பொறந்து பேசிக்கலாம். அவகிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க. புலி பாக்கப் போறோம்னு குஷியா இருக்கா.”

அத்தை சிரித்தார். “அதுவும் நல்லதுதான். ஆறு மணிக்கு மேல ஒரு ஆளு உள்ள வர முடியாது, வெளிய போவ முடியாது. போனும் எடுக்காது. நம்ம புள்ள தேடிக் குடுத்த எடம், நாமளே தேடியிருந்தாலும் கெடைக்காது.”

அப்பாவும் சிரித்தார். அதைக் கேட்டேன்.

துணி கையிலிருந்து விழவில்லை. கொண்டுபோய்க் கட்டிலில் வைத்து மடித்தேன். சரவணன் மாமா சட்டைகளையும் மடித்தேன். எதற்கு மடித்தேன் என்று நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா தலையில் ஒரு முழம் மல்லி வைப்பார். பத்திரிகை கிடையாது, ஐயர் கிடையாது. ஆனால் மறுநாளிலிருந்து பெண்ணை வேறு யாருக்கும் பேசமாட்டார்கள். பேச்சை மாற்றினால் அப்பா குடும்பத்துக்குத் தலைகுனிவு. பெண் என்ன சொன்னாள் என்று எந்த வீட்டிலும் கேட்டதாக நான் அறியேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி அப்பா கேட்டார், “என்னா யாழினி, புலி கனவா?”

என் புலியை எடுத்து இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆட்டைக் கட்டிப்போட்டுப் புலியைப் பிடிப்பார்களாம். இவர்கள் புலியைக் காட்டி என்னைப் பிடிக்கிறார்கள்.

ஜன. 11, ஞாயிறு

மேகம். தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அம்மா பித்தம் என்று கஷாயம் கொடுத்தாள். குடித்தேன்.

நான் எழுதிய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதே வரிகள். சிக்னல் இல்லை. ஆறுக்கு மூடுவார்கள். வெளியே வரக் காவலர் துணை வேண்டும். நான் நட்சத்திரக் குறி போட்டு வைத்த வரிகள். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறையைப் பிடித்திருந்தால் இறங்கி ஓடவாவது முடியும். நீச்சல் குளத்து ரிசார்ட்டில் நூறு பேர் இருப்பார்கள், கத்தினால் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். பாட்டுச் சத்தம் என்று ஒதுக்கினேன்.

மாலையில் சரவணன் மாமா வந்தார். காடாம்புலியூர் முந்திரி ஒரு பை. அம்மா காபி போடப் போனாள். கேட்டுவிட்டேன்.

“மாமா, அங்க எதுக்குப் போறோம்னு உங்களுக்குத் தெரியுமா?”

பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “யாரு சொன்னா உனக்கு?”

“தெரியும். நான் படிக்கணும் மாமா. வன உயிரியல்.”

“படி. யாரு வேணான்னா? கல்யாணத்துக்கு அப்புறமும் படி. நான் தடுக்க மாட்டேன்.”

“எனக்கு இஷ்டம் இல்ல.”

“அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க. முந்திரி சாப்புடு. மொகத்த இப்படி வச்சிக்காத, போட்டோல நல்லா இருக்காது.”

தடுக்கமாட்டாராம். அவரிடம் அனுமதி யார் கேட்டது. கெட்டவர் இல்லை. சின்ன வயதில் சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தவர். அதனால்தான் இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

முந்திரியைத் தொடவில்லை.

ஜன. 12, திங்கள்

தூறல். போகிக்கு முன் கடைசிப் பள்ளி நாட்கள், யாரும் பாடம் நடத்தவில்லை.

நஸ்ரினிடம் சொன்னேன். லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், எனக்கு இருக்கிற ஒரே தோழி. சைக்கிள் ஸ்டாண்டு பின்னால் நின்று சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“புக்கு பின்னாடி உதவி நம்பர் போட்டிருக்கே. அடிடி.”

“அடிச்சா ஆபீசருங்க கடைக்கு வருவாங்க. வீதி பூரா நின்னு பாக்கும். அப்பாவ வண்டில ஏத்திக்கிட்டுப் போனா?”

“அவரு உன்ன வண்டில ஏத்திக்கிட்டுப் போறாரே, அது பரவால்லையா?”

அழுதேன். அவள் தன் துப்பட்டா முனையைக் கொடுத்தாள்.

“செரி, அப்பாமேல கை வைக்காத. அந்த எடத்துமேல வை. எடமே இல்லன்னா எங்க போயி பூ வைப்பாங்க? மார்கழில பேசமாட்டாங்க, பொங்கலுக்கு ரூம் கெடைக்காது. பரீட்சை வந்துடும். தள்ளிப் போடுடி. தள்ளித் தள்ளி ஆகஸ்ட் வரைக்கும் போ.”

என்னைவிடச் சின்னவள் இவள்.

சாயங்காலம் அப்பா குளிக்கப் போனார். போன் மேசைமேல். முதலில் ரத்து செய்துவிடலாம் என்று பார்த்தேன். பதிவு செய்தவரே பேசினால்தான் முடியுமாம். அப்படியானால் அவர்களே மறுக்கும்படி காரணம் சொல்லியே ஆகவேண்டும். எழுதினேன்:

“மேடம், நான் யாழினி. அங்கே நடக்கப்போவது பூஜை இல்லை. எனக்குப் பூ வைத்து நிச்சயம் செய்யப் போகிறார்கள். எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. என் வயது உங்களிடம் உள்ள ஆதாரில் இருக்கிறது. எங்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். என் அப்பாவைப் போலீசில் சொல்லிவிடாதீர்கள். இதற்குப் பதில் போடாதீர்கள், இது அப்பாவின் போன்.”

அனுப்பிவிட்டு அப்பாவின் போனில் மட்டும் அழித்துவிட்டேன். குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம். போனை இருந்தபடியே வைத்தேன். குப்புற இருந்ததா நிமிர்ந்து இருந்ததா? ஞாபகம் இல்லை. நிமிர்த்தி வைத்தேன்.

ஜன. 13, செவ்வாய்

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். அம்மா பரணைச் சுத்தம் செய்து நாளை கொளுத்தப் பழைய பாய் எடுத்து வைத்தாள். என் ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது. போட்டுப் பார் என்றாள். போட்டேன். அளவாக இருந்தது. அம்மா பின்னால் நின்று கொக்கி மாட்டினாள், வெகுநேரம்.

“நான் சொல்லிப் பாத்தேன்” என்றாள். மெதுவாக, சுவரிடம் சொல்வதுபோல.

“என்கிட்ட சொல்லலையே” என்றேன்.

அப்படியானால் உனக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தேன். மடித்து வைத்தாள். அவளும் சட்டை மடிக்கிற ஜாதிதான். எனக்கு அவள்மேல் எல்லாரையும்விடக் கோபம். எல்லாரையும்விட அவள் மடியில்தான் படுக்கவேண்டும் போலவும் இருக்கிறது.

ஜெசிந்தா மேடத்திடமிருந்து நாள் முழுக்க ஒன்றும் இல்லை. பார்த்தாரா? நம்புவாரா? சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருப்பாரோ. பணம் வாங்கிய முன்பதிவை எந்த விடுதி விடும்.

இப்போது அம்மா அடுப்பைத் துடைக்கிறாள். அப்பா கூடத்தில் செய்தி பார்க்கிறார். அவர் போன் அடிக்கிறது.

“ஆமா, நான்தான் பேசறேன். சொல்லுங்க மேடம்.”

டிவியை நிறுத்திவிட்டார்.

“முழுசா அட்வான்ஸ் போட்டாச்சே. ஏன் முடியாது?”

“சாமி கும்பிடறதுதாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

“ஆதார்ல பாத்தா? பாத்தா என்னா?”

அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் இரைச்சலாக, விடாமல். பிறகு, “இல்லைங்க. இல்லைங்க மேடம். புரியுது. யாருகிட்டயும் போவ வேணாம். வரல நாங்க.”

வைத்துவிட்டார். அம்மா, “என்னாங்க?” என்கிறாள்.

இடம் போய்விட்டது. நஸ்ரின், இடம் போய்விட்டது.

செருப்பு. கூடம் தாண்டிவிட்டது. நோட்டைப் புவியியல் கைடுக்குள் வைக்கவேண்டும். கை வரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தால் அவர் வரமாட்டார் என்பதுபோல எழுதுகிறேன். இஷ்டம் இல்லை அப்பா. இதைத்தான் சொல்லவேண்டும். நேராக நின்று சொல்லவேண்டும். இஷ்டம் இல்லை.

கதவுக்கு வெளியே செருப்பு நின்றுவிட்டது. தள்ளவில்லை.

தட்டுகிறார்.