வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில்

அண்ணாச்சி,

இன்று காலை தபால் ஆபீசில் ரப்பர் ஸ்டாம்பு மை வாடை அடித்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அப்போதுதான் மை ஊற்றியிருந்தாள் போல. நான் பணம் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "வாங்கியாச்சுன்னா நவுருங்கம்மா" என்றார். நகர்ந்தேன். கோர்ட்டில் நகல் தரும் அறையில் அடிக்கும் அதே வாடை என்று மட்டும் தோன்றியது. அழுகை வரவில்லை. நீங்கள் போனபோதும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வாய்க்கால் ஓரத்து நஞ்சையை நீங்கள் பயிர் வைத்தீர்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் என் வீட்டுக்காரர் கண் மங்கி மில் வேலையை விட்டு நின்ற பிறகுதான் கேட்டேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். என் நியாயம் அவ்வளவுதான்.

"பொட்டப்பிள்ள வயல்ல பங்கு கேக்குத பழக்கம் நம்ம வீட்ல உண்டாட்டி? நெல்லு வேணும்னா தாரேன். பங்குன்னு பேசாத" என்றீர்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் உங்கள் வாசலில் சாக்கோடு வந்து நிற்க எனக்கு மனசில்லை. கேஸ் போட்டேன்.

வழக்கு என்றால் வக்கீல்கள் கையை நீட்டிப் பேசுவார்கள், கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வெகுகாலம் யாரும் எதுவும் பேசவில்லை. டவாலி வெளியே வந்து என் பெயரையும் உங்கள் பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். உள்ளே போய் நிற்போம். ஜட்ஜுக்கு லீவு, அல்லது உங்கள் வக்கீலுக்கு வேறு ஊரில் கேஸ், அல்லது என் வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்த வாய்தா தேதியைக் கேட்டுக்கொண்டு வெளியே வருவோம். வேப்பமரத்தடியில் இருந்தது ஒரே பெஞ்சு. அதன் ஒரு முனையில் நீங்கள், மறு முனையில் நான்.

திருநெல்வேலிக்குப் போக வர பஸ்ஸும் ஒன்றுதான். நான் முதலில் ஏறியிருப்பேன். சேரன்மகாதேவியில் நீங்கள் ஏறி, வேறு இடம் இல்லாவிட்டால், "வாதியம்மா, கொஞ்சம் நீங்கி உக்காருங்க" என்பீர்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது கண்டக்டர், "அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் ஒரே கேசா?" என்று கேட்டார். "ஒரே கேசுதாம்வே. நான் இந்தப் பக்கம், இவ அந்தப் பக்கம்" என்று சொல்லி, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தீர்கள். அவர் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருடங்களிலும் நீங்கள் பிறந்த வீட்டுச் சீரான பொங்கல் படியை நிறுத்தவில்லை. அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, ஒரு கட்டு பனங்கிழங்கு. எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்குவீர்கள். உட்கார மாட்டீர்கள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவீர்கள்.

"அதை வாங்கவே வாங்காதீங்கம்மா" என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். காரணம் இருந்தது. கல்யாணத்தின்போதே நான் என் பங்கை வாய்ச்சொல்லாக விட்டுக்கொடுத்துவிட்டேன், அதற்குப் பதிலாகத்தான் எனக்கு வருடந்தோறும் படி வருகிறது என்று உங்கள் பதில் மனுவில் எழுதியிருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் வழக்கைப் படிப்பது போல இருந்தது. ஆனாலும் அடுத்த பொங்கலுக்கும் படியை வாங்கிக்கொண்டேன். பிறந்த வீட்டு மஞ்சள் கட்டாமல் பானை ஏற்றி எனக்குப் பழக்கமில்லை.

வக்கீல் பயந்தபடியே ஆயிற்று. என்னைக் கூண்டில் நிறுத்தி உங்கள் வக்கீல் கேட்டார்.

"படி வாங்குறீங்களா?"

"வாங்குதேன்."

"கேஸ் போட்ட பிறகும்?"

"ஆமா."

எழுதிக்கொண்டார்கள். என் வக்கீல் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு உங்கள் முறை. என் வக்கீல் எதையெதையோ கேட்டுவிட்டு, கடைசியில், "இந்தப் படி பங்குக்குப் பதிலாகத்தானா?" என்றார். அதைக் கேட்டிருக்கவே கூடாது என்று பின்னால் அவரே சொன்னார். ஆமாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வயல் முழுவதும் உங்களுக்கு. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அது எப்படிய்யா அப்படிச் சொல்ல முடியும்? படி நான் செய்ய வேண்டியது. பங்கு எங்க அப்பா செய்ய வேண்டியது. அது வேற, இது வேற."

ஜட்ஜ் அதைச் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். உங்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "மனுவுல கையெழுத்துப் போட்டியள்லா அண்ணாச்சி? இப்ப இப்படிச் சொல்லிட்டியளே?"

"வக்கீலு நீட்டுனாரு, போட்டேன். கூண்டுல ஏறி வாயால சொல்லணும்னா வரமாட்டேங்கு." கொஞ்ச தூரம் போன பிறகு, "படிய நான் விலைக்கா வித்தேன்?" என்றீர்கள். வயலைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. கேஸை நிறுத்து என்றும் சொல்லவில்லை. உங்கள் ஊர் வந்ததும் பைய இறங்கிப் போனீர்கள்.

தீர்ப்புக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். அந்த வாரமே வந்த வாய்தாவில் டவாலி வழக்கம்போல உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். உங்கள் வக்கீல் வரவில்லை. நான் எழுந்து, "அவிய இறந்துட்டாவ" என்றேன்.

"நீங்க யாரு?" என்றார் ஜட்ஜ்.

"வாதி" என்றேன். தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆள் போனாலும் வழக்கு போகாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், அதற்குக் கெடு உண்டு, கெடு தாண்டினால் வழக்கே போய்விடும் என்றார் வக்கீல். பிள்ளைகளை நினைத்துக்கொண்டு மனுவில் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பெயர் இருந்த இடத்தில் மதினி பெயர் வந்தது. உங்களுக்காக ஏற்றிய விளக்கு அணையாத வீட்டுக்குக் கோர்ட் ஆள் நோட்டீஸ் கொண்டு போனார். கருமாதி அன்று மதினி என்னிடம் பேசியது ஒன்றுதான். "அவியளுக்கு அப்புறம் எனக்கா வாய்தா?"

தீர்ப்பில் எனக்குப் பாதி என்று வந்தது. என் பக்கத்துச் சாட்சிகள் சொன்ன எதையும் கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரதிவாதியே தன் வாயால் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் கூண்டில் சொன்னதை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து வயலை அளந்து கல் நட்டார். நடுவில் புது வரப்பு போட்டோம். கேஸ் போடப்போகிறேன் என்று யாராவது வந்து கேட்டால், சாப்பாடு கட்டிக்கொண்டு போ, செருப்பு நல்லதாகப் போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

போன நடவுக்குப் புதிதாக வந்த ஒருத்தி என்னிடம், "இது யாரு வயலு, அக்கா?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணாச்சி எனக்குத் தந்தது."

"கேசுல கெடச்சதுன்னுல்லா சொல்லுதாவ?"

"கேசுலதான் தந்தாவ" என்றேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் மதினி நாற்று முடியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து நடத் தொடங்கினாள்.