தடைக்காலத்து ஓரா

அன்புள்ள மகள் எபிலுக்கு, பலாவுத் தீவிலிருந்து அம்மா எழுதுவது. குவாமில் நீயும் மருமகனும் புதுப்பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது.

உன் அண்ணன் தெல்லேயிடம் போனில் என்ன கேட்டாய்? தலைப்பிள்ளை விருந்துக்கு ஓரா மீன் வேண்டும், அதுவும் முட்டையோடு வேண்டும், ஐஸ்பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடு என்றாயாமே. அமாவாசை கழிந்த இந்த நாட்களில்தான் ஓரா பாசி மேய்வதை விட்டுவிட்டுக் கூட்டங்கூட்டமாகப் பவளத்திட்டின் ஓரத்துக்கு முட்டையிட வருகிறது, அதனால்தான் தடை என்று உனக்குத் தெரியாதா? பெண்கள் சபையில் மல்லுக்கட்டி அந்தத் தடையை வாங்கியவளே நான்தானடி. வலை இழுக்குறது நாங்க, வாய் மட்டும் உங்களுதா என்று ஆண்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். தங்கையின் தலைப்பிள்ளை விருந்துக்குச் சாப்பாடு சேர்ப்பது அண்ணன் பொறுப்பு, நம்மூரில் எவனும் முடியாதென்று சொல்லமாட்டான். அது தெரிந்தேதான் என்னிடம் கேட்காமல் அவனிடம் கேட்டிருக்கிறாய். கெட்டிக்காரிதான்.

தென்னமட்டை கட்டிய தடைக்கம்பைத் தாண்டிப் போய் உன் அண்ணன் வலை விட்டிருக்கிறான். கரையேறும்போது பாதி ஊர் அங்கே நின்றது. ஒரு மீனை அறுத்துப் பார்த்தேன், வயிறு முழுக்க முட்டை. தடை ஊருக்குத்தானா, உங்க வீட்டுச் சட்டிக்கு இல்லையாக்கா என்று ஒருவன் கேட்டான்.

ஊர்த்தலைவர் அவனைக் கூப்பிட்டு, தங்கச்சி விசேஷத்துக்குன்னா சொல்லுப்பா, இந்த ஒரு தடவை விட்டுடலாம் என்றார். இவன் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் இல்ல, எனக்குத்தான் நாக்கு கேட்டுச்சு என்றான். உன் பெயரை அவன் சொல்லவேயில்லை. நான் சொன்னேன். என் மகள் எபில் கேட்டுத்தான் பிடித்தான், ஆனாலும் விடாதீர்கள், இன்றைக்கு என் வீட்டை விட்டால் அடுத்த அமாவாசைக்கு ஊரே இறங்கும் என்றேன். தெல்லே தன் வலையைத் தானே அறுத்துப் போட்டான். தடை முடியும்வரை படகும் கரையில்தான். பெற்ற வயிறு எனக்கும் வலிக்காதா? இரண்டு நாளாக என் முகத்தை அவன் பார்ப்பதில்லை.

பெட்டியில் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் அனுப்புகிறேன். மீன் எங்கே என்று உன் மாமியார் கேட்டால், முட்டை போடப் போயிருக்கு என்று சொல். பச்சை உடம்பு, வெந்நீர்க் குளியலை விட்டுவிடாதே. பேத்திக்கு ஆயுசும் அறிவும் கூடட்டும், உன் அறிவு வேண்டாம். மறக்காமல் போன் செய், எனக்கல்ல, உன் அண்ணனுக்கு. அவன் எடுக்கும்வரை செய்.

கோபம் ஆறாத உன் அம்மா,
ஒமெலாவ்